ட்ரும்மரின் நாக்கு

இக்னாஸ் ட்ரும்மரின் நாக்குக்கு விலை கிடையாது. வாடகைதான் உண்டு, நாளுக்கு முந்நூறு யூரோ. வியன்னாவின் ஓரத்து மலைச்சரிவில் திராட்சை போடுகிறவர்களின் சங்கம் வசந்தந்தோறும் அதை வாடகைக்கு எடுத்து, ஊரார் ஒயின்களுக்கு மதிப்பெண் போடச் சொல்லும். அவர் யாரையும் பாஸ் பண்ணியதில்லை.

"கனம் ஜாஸ்தி. என் ஒயின்ல இருக்கிற துடிப்பு எங்க?" என்பார்.

அந்த நாக்கு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தன் சொந்த ஒயினில் ஒரு வாய் வாங்கி, திகைத்து நின்றது.

கெட்டுப்போயிருந்தது.

தொண்டை எரிந்தது. நுனிநாக்கில் ஓடும் குறுகுறுப்பு அடியோடு காணோம். ஏப்ரல் உறைபனி தோட்டத்தைத் தின்றதுபோக மிஞ்சியது ஒரே பீப்பாய். ஒன்பது ரகத் திராட்சையை ஒரே நிலத்தில் நட்டு, ஒரே நாளில் பறித்து, ஒன்றாகவே பிழிந்த வெள்ளை ஒயின், ஐந்நூறு லிட்டர். அதை விற்றால்தான் இந்த வருடம் சாப்பாடு. வாங்குவதற்கு ஹாம்பர்கிலிருந்து லூடர்ஸ் அம்மாள் பதினோரு மணிக்கு வருகிறார்.

நிலவறை வேலை முழுக்க மனைவி ஹெர்மினா பார்ப்பது. முழங்கால் வலிக்காரரான ட்ரும்மருக்குக் கோப்பை மேலே வந்துவிடும், அவர்களுடைய ஒயின் கடையில் பரிமாறும் ரோஸ்விதா கையால். மூன்று வாரம் முன்பு அப்படி வந்த இதே ஒயினைக் குடித்துவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்று ஹெர்மினா தங்கை வீட்டில். ரோஸ்விதா பல் டாக்டரிடம். ஆகவே பீப்பாயிலிருந்து மாதிரிக்கு அடைத்து வைத்திருந்த புட்டியை அவரே திறந்தார்.

இன்னொன்றைத் திறந்தார். அதுவும் எரிந்தது. மூன்றாவதும் அப்படியே.

"கார்க்குதான் கோளாறு" என்று முழங்காலைத் திட்டிக்கொண்டே முப்பத்திரண்டு படி இறங்கி, பீப்பாயிலிருந்தே பிடித்துக் குடித்தார். முன்னைவிட மோசம்.

மேலே வந்து, வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற ஹவ்லிக்கைக் கூப்பிட்டார். இருபது வருடப் பகையாளி. எந்த ஒயினையும் சோடா கலந்தே குடிப்பவன் என்பதால் ட்ரும்மர் அவனை மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் குறை கண்டுபிடிக்க அவனைவிட்டால் ஆள் கிடையாது.

ஹவ்லிக் குடித்தான். கோப்பையை மறுபடி நீட்டினான்.

"எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

"உண்மையைச் சொல்லுடா."

"உண்மைதான்டா. எனக்கே வயித்தெரிச்சலா இருக்கு."

ட்ரும்மருக்கு வியர்த்துவிட்டது. இருபது வருடத்தில் இவன் பாராட்டியதே இல்லை. நான் இதை விற்று, ஹாம்பர்க் முழுக்கப் பெயர் நாறட்டும் என்று காத்திருக்கிறான் படுபாவி.

லூடர்ஸ் அம்மாள் வந்தார், குடித்தார், கண்ணை மூடினார்.

"பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், கடைசியில ஒரு மிளகு. பீப்பாய் மொத்தமும் எனக்கு. புட்டிக்குப் பதினொண்ணு தர்றேன்."

"அம்மா, இது கெட்டுப்போச்சு. வேண்டாம்."

அம்மாள் அவரை உற்றுப் பார்த்தார். "பன்னிரண்டு."

"நான் சொல்றது புரியலையா? குடிச்சா எரியுது."

"பதிமூணு. ட்ரும்மர் ஐயா, நாப்பது வருஷமா கொள்முதல் பண்றேன். சரக்கைத் திட்டியே விலை ஏத்துறவரை இப்பதான் பார்க்கிறேன்."

"ஒரு காசுகூட வேண்டாம். என் பேர் போட்ட புட்டியில இது போகக் கூடாது."

"பதினாலரை. இதுக்கு மேல கேட்டா நான் அழுதுடுவேன்."

வாயால் சொன்னால் இந்த அம்மாளுக்கு ஏறாது என்று தெரிந்தது. ட்ரும்மர் மறுபடி முப்பத்திரண்டு படி இறங்கினார். பீப்பாயின் குழாயை ஒரே திருகாகத் திருகிப் பிடுங்கினார். ஐந்நூறு லிட்டரும் கல்தரையில் விழுந்து, சலசலத்துக்கொண்டு வடிகாலைத் தேடிப் போனது. மேலிருந்து பார்த்த லூடர்ஸ் அம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஹவ்லிக் தொப்பியைக் கழற்றினான்.

அந்நேரம் ரோஸ்விதா ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு வந்து, அவர்களைத் தாண்டி இறங்கி, கணுக்கால் அளவு ஒயினில் நின்றாள்.

"என்ன முதலாளி இது?"

"கெட்டுப்போச்சு ரோஸ்விதா. துடிப்பே இல்ல. எரியுது."

அவள் பீப்பாய் பக்கத்தில் கிடந்த கோப்பையில் மிச்சமிருந்ததை மரத்துப்போன வாயில் ஊற்றிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இதை நீங்களேவா ஊத்திக் குடிச்சீங்க?"

"ஆமா. ஏன்?"

"உங்க ஈரலைப் பார்த்துட்டு, இனிமே சொட்டுகூடத் தொடக் கூடாதுன்னு டாக்டர் நம்ம ஹெர்மினா அம்மாகிட்ட சொன்னாரே, அன்னையிலிருந்து அம்மா உத்தரவு. உங்க கோப்பையில பாதி ஒயின், பாதி சோடா. நான்தான் கலந்து கொண்டு வருவேன்."

ட்ரும்மர் வாயைத் திறந்தார். விலைமதிப்பற்ற நாக்கு உள்ளேயே கிடந்தது. படியில் ஹவ்லிக் முதல் முறையாக அவரை அன்போடு பார்த்தான்.

ரோஸ்விதா வடிகாலைப் பார்த்தாள், விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணினாள், ஆறுதலாகச் சொன்னாள்:

"தினம் கால் லிட்டர் கோப்பை, அதுல பாதி மிச்சம், பதினோரு வருஷம். அம்மா உங்க வயித்துக்குப் போகவிடாமத் தடுத்தது ஐந்நூத்தி ரெண்டு லிட்டர். நீங்க இன்னைக்குக் கொட்டினது ஐந்நூறு. இன்னும் ரெண்டு லிட்டர் உங்களுக்குப் பாக்கி, முதலாளி."