லண்டனில் இழுத்த நூல்

டிவியைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. இதை ஒரு வியாதியாகவே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

காரணம் அம்மா. திருப்பூர் பக்கம் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர்; தைத்து வந்ததில் பிசிறு வெட்டி, குறையிருந்தால் 'ரிஜெக்ட்' என்று ஒதுக்குகிற பிரிவு. வேலை மிஞ்சினால் டி-ஷர்ட்டுகளை மூட்டையாக வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். 'டிவியை நிறுத்து' என்று ஒருநாளும் சொன்னதில்லை. மடியில் கிடக்கும் டி-ஷர்ட்டில் தொங்குகிற நூல் பிசிறை வெட்டிக்கொண்டே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சீரியல், காமெடி, குக்கர் விளம்பரம் எதையும் விடமாட்டேன். (சிக்னல் போய்ப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பார்ப்பேன்.) ஜோக்கை எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள் என்பதை அப்படித்தான் படித்தேன்.

அந்தப் படிப்பு என்னை லண்டன் மேடைகளில் காமெடி பேசுமளவுக்குக் கொண்டுபோனது. முதல் வருடம் சிரித்தவர்களைவிடக் கொட்டாவி விட்டவர்களே அதிகம். கடைசியாக ஒரு வாய்ப்பு வந்தது: காலை நேர டிவி நிகழ்ச்சியில், நேரலையாக, ஐந்து நிமிடம். சொதப்பினால் ஊருக்கு டிக்கெட். அங்கே காலை, திருப்பூரில் டீ டைம். செக்கிங் செக்‌ஷன் மொத்தமும் அம்மாவின் போனைச் சுற்றி நின்றது.

சோபாவில் என் பக்கத்தில் தொகுப்பாளர், ஆறடி மனிதர், வெள்ளை டி-ஷர்ட். எதிரே ஒரு டிவி. அதில் நான்! வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ கேட்டார். திரையிலிருந்த பெண் அவருடைய டி-ஷர்ட்டின் அடியில் தொங்கிய நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். அது என் கை என்று உறைப்பதற்குள் (டி-ஷர்ட்டின் அடிமடிப்புத் தையலில் ஒரு முனையை இழுத்தால் மறுமுனைவரை பிரிந்து வந்துவிடும்) முழ நீளத்துக்கு நூல் என் விரலில். பிரிந்த மடிப்பு அவர் தொடையில்.

"என்ன செய்கிறீர்கள்?" என்றார் ஆங்கிலத்தில்.

தயாரித்து வைத்திருந்த அத்தனை ஜோக்கும் மறந்துபோனது. "செக்கிங்," என்றேன். "இந்த பீஸ் ரிஜெக்ட்."

அரங்கமே குலுங்கியது. அந்த நல்ல மனிதர் தானும் சிரித்து, பிரிந்த டி-ஷர்ட்டோடே மீதி நிகழ்ச்சியை நடத்தி, என்னை மறுபடியும் கூப்பிட்டார். இன்று நாடு நாடாகப் போய் மேடையேறிப் பிழைக்கிறேன் என்றால், அவருக்கும் அந்த நூலுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பாராட்டை எதிர்பார்த்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஏங்கண்ணு, பிசிறக் கையில இழுப்பாங்களா? வெட்டோணும்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கறேன்! அத்தன பேரு முன்னால என்ற மானமே போச்சு."

அந்தக் காட்சி இன்னமும் அம்மாவின் போனில் இருக்கிறது. செக்கிங்கில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பாடமே அதுதான். "இப்படி மட்டும் இழுக்கப்படாதுங்க!"

போன வாரம் ஒரு புதுப் பெண், "யாருங்க்கா இது, பிசிறு வெட்டக்கூடத் தெரியாம?" என்று கேட்டாளாம்.

"என்ற புள்ளதான் கண்ணு," என்றாராம் அம்மா. "டிவியப் பாத்தா அவளுக்குக் கை நிக்காது."