டிபன் பையில் போன மினி பிசி

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. புதுசா வாங்கின மினி பிசியை ஓட்டிப் பார்த்து, நல்லதா இல்லையான்னு முடிவு பண்ணணும். அவ்வளவுதான்.

"கேமுக்கு ஆகுமா, தினசரி வேலைக்கு ஆகுமா, ரெண்டையும் சொல்றேன்"னு இந்த பிளாக்ல பெருசா அறிவிச்சுட்டு ஆளைக் காணோமேன்னு தினமும் கேட்கிறீங்க. இதோ வந்துட்டேன். ஏன் லேட்டுன்னு படிச்சா உங்களுக்கே புரியும்.

முதல்ல பொருளைச் சொல்லிடறேன். கருப்பா, சதுரமா, ஒரு சாப்பாட்டு டப்பா அளவு. கம்ப்யூட்டர்னா காலுக்குக் கீழே தூசி பிடிச்சு நிக்கிற பெரிய பொட்டின்னு நினைச்சே வளர்ந்த ஆளு நான். இதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கையே வரலை.

எனக்கு எது மேலயும் சுலபமா நம்பிக்கை வராது. ஓசூர்ல ஒரு பார்ட்ஸ் கம்பெனியில இன்ஸ்பெக்ஷன்ல இருக்கேன். வெளியில இருந்து வர்ற பொருளை அளந்து பார்த்து, சரியா இருந்தா பச்சை சீட்டு, இல்லைன்னா சிவப்பு சீட்டு ஒட்டுறதுதான் வேலை. பன்னெண்டு வருஷமா இதையே பண்ணிப் பண்ணி, வீட்டு இட்லித் தட்டுல குழியெல்லாம் ஒரே ஆழமான்னு வெர்னியர் அளவுகோல் வச்சுப் பார்த்த ஆளு!

மினி பிசியையும் அளந்தேன். அட்டைப்பெட்டியில நூத்தி இருபத்தேழு மில்லிமீட்டர்னு போட்டிருந்துச்சு. வெர்னியர் நூத்தி இருபத்தேழு புள்ளி ஒண்ணு காட்டுச்சு. திருப்தியா தலையை ஆட்டினேன்.

என் வீட்டுக்காரி மஞ்சுளா இடுப்புல கை வச்சு நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா.

"அளந்தது போதுங்க. ஆன் பண்ணுங்க."

அவ அவசரம் அவளுக்கு. சின்னப் பசங்களுக்கு ஆன்லைன்ல கணக்கு சொல்லித் தர்ற வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தா. அதுக்கு ஒரு டெமோ கிளாஸ் எடுத்துக் காட்டணும். முதல் தடவை எடுக்கும்போது எங்க ஊர் கெலமங்கலம் முழுக்க கரண்ட் போச்சு. ரெண்டாவது தடவை எங்க பழைய கம்ப்யூட்டர் பாதி கிளாஸ்ல உயிரை விட்டுச்சு. "மூணாவதுதான் கடைசி, அதுக்கு மேல முடியாது"ன்னு சொல்லிட்டாங்க.

அந்த மூணாவது, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு.

"ஆறரைக்கு இந்தப் பொட்டி இந்த டேபிள் மேல இருக்கணும்"னா மஞ்சுளா. "கிளாஸ் முடிஞ்சதும் நீங்க கேம் ஆடுங்க, குட்டிக்கரணம் போடுங்க. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்."

"பொட்டி எங்கடி போகப் போகுது?"ன்னு சிரிச்சேன். இப்ப நினைச்சா அந்தச் சிரிப்பு மேல எனக்கே கோவம் வருது.

விஷயம் என்னன்னா, வீட்ல இருக்கறது சின்ன மானிட்டர். கம்பெனி ட்ரெயினிங் ரூம்ல அரைச் சுவருக்கு ஒரு டிவி இருக்கு. மெயின்டனன்ஸ்ல இருக்கற அஷ்ரப் பாய் கம்ப்யூட்டர்ல புலி. "கேமை ஏத்திக் கொண்டு வாய்யா மாதேஷு, மத்தியானம் அரை மணி நேரத்துல ஓட்டிப் பார்த்துச் சொல்லிடறேன்"னார்.

காலைல கொண்டு போறோம், சாயங்காலம் கொண்டு வர்றோம். மஞ்சுளாகிட்ட இதைச் சொல்லணும்னு தோணலை. நான் பொய் சொல்லலைங்க. ஒண்ணுமே சொல்லலை, அவ்வளவுதான்.

டிபன் பையில இருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்து பிரிட்ஜ் மேல வச்சுட்டு, மினி பிசியை உள்ளே விட்டேன். கச்சிதமா உட்கார்ந்துச்சு. ஜிப்பும் மூடுச்சு. அளவுன்னா இதுதான் அளவுன்னு பெருமையா கம்பெனி பஸ் ஏறினேன்.

எங்க கம்பெனி கேட்ல ஒரு சட்டம் உண்டு. சொந்தப் பொருள் எது கொண்டு வந்தாலும் ரிஜிஸ்டர்ல எழுதணும். எழுதினாத்தான் சாயங்காலம் வெளியே போகும். எழுதாம உள்ளே போனா அது கம்பெனிப் பொருள். புதுசா சேர்றவங்களுக்கு முதல் நாள் இதை விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக் கொடுக்கறதே நான்தான்!

கேட்ல செக்யூரிட்டி முனிராஜ் பையைத் தூக்கிப் பார்த்தான்.

"என்னா சார், இவ்ளோ கனமா இருக்குது?"

பின்னாடி முப்பது பேர் வரிசையில நிக்கிறாங்க. ரிஜிஸ்டர் எழுத ஆரம்பிச்சா அட்டெண்டன்ஸ் பஞ்ச் பண்ண லேட் ஆயிடும்.

"டிபன்"ன்னேன்.

"டிபன் இவ்ளோ கனமா?"

"ராகி களி"ன்னேன்.

முனிராஜ் மரியாதையா பையைத் திருப்பிக் கொடுத்தான். அவன் ராயக்கோட்டை ரோட்ல உத்தனப்பள்ளிக்காரன். களி தின்னே வளர்ந்தவன், அதோட கனம் அவனுக்குத் தெரியும்.

மத்தியானம் ட்ரெயினிங் ரூம். அஷ்ரப் பாய் டிவியில வயரைச் சொருகி, கார் ரேஸ் கேமை ஓட விட்டார். எப்படித் தெரிஞ்சுச்சோ தெரியலை, பத்து நிமிஷத்துல அசெம்பிளி லைன் மொத்தமும் உள்ளே வந்துடுச்சு.

"நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கறேன் பாய்"ன்னேன்.

"இருய்யா, விருந்தாளிங்க ஆடட்டும். ஓனர் கடைசியில."

ஆளாளுக்கு ஓட்டுறாங்க. பெயின்ட் ஷாப் ஆளு ஒருத்தர் காரைக் கொண்டு போய் கடல்லயே விட்டாரு. நான் நோட்டும் பேனாவுமா நிக்கிறேன்.

"ஃபேன் சத்தம் எப்படி இருக்கு பாய்?"

"நாப்பது பேர் கத்தறானுங்க, ஃபேன் சத்தத்தை எங்கய்யா கேக்கறது?"

அப்போ போன். மஞ்சுளா.

"உங்க சாப்பாட்டு டப்பா பிரிட்ஜ் மேல இருக்குது."

"அப்படியா? மறந்துட்டேன் போல."

"டிபன் பையைக் காணோம்."

"அதைக் கொண்டு வந்துட்டேன்."

"அப்ப பையில என்ன கொண்டு போனீங்க?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அவளே டேபிளைப் பார்த்துட்டா. 

"ஆறரை"ன்னா. வச்சுட்டா.

 கேம் ஆடற ஆசையே போச்சு. அதுக்கும் மேல, என் முறை வர்றதுக்கும் சாப்பாட்டு இடைவேளை முடிஞ்ச சைரன் அடிக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. "அஞ்சு மணிக்கு வந்து கழட்டிக்கலாம்யா, இங்க யாரு எடுக்கப் போறா?"ன்னார் அஷ்ரப் பாய். நானும் சரின்னு விட்டுட்டுப் போனேன்.

யாரும் எடுக்கலைதான். ஆனா ஐடி டிபார்ட்மென்ட் ரேவதி மேடம் அன்னைக்கு ஆடிட்டுக்காக ரூம் ரூமா கம்பெனிப் பொருளுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிட்டு வந்திருக்காங்க. ட்ரெயினிங் ரூமுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தாங்களாம். ஓஹோ, வந்துடுச்சு போலன்னு ஒட்டிட்டாங்க.

அஞ்சு மணிக்குப் போய்ப் பார்க்கறேன். என் பொட்டி மேல வெள்ளிக் கலர்ல கம்பெனி ஸ்டிக்கர். நம்பர் போட்டு, பார்கோடு போட்டு!

நகத்தால சுரண்டினேன். வரலை. அது உரிக்கவே முடியாத ரகம். அந்த ஸ்டிக்கர் ரோல் வந்தப்போ உரியுதான்னு ரெண்டு நாள் சோதிச்சு, பச்சை சீட்டு ஒட்டி உள்ளே விட்டது யாருங்கறீங்க? நான்தான்.

ஸ்டிக்கர் அடிப்பக்கம் வர்ற மாதிரி திருப்பி வச்சு, பையில போட்டுக்கிட்டு கேட்டுக்குப் போனேன். அஞ்சேகாலுக்கு பஸ். முனிராஜ் பையைத் தூக்கினான்.

"என்னா சார், களி தின்னலையா? அப்படியே இருக்குது?"

"பசிக்கலை முனிராஜ்."

ஜிப்பைத் திறந்துட்டான். திருப்பிப் பார்த்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"சார், களி மேல கம்பெனி ஸ்டிக்கர் எப்படி சார் வந்துச்சு?"

பஸ்ல உட்கார்ந்திருந்தவங்க எல்லாரும் ஒரே பக்கமா எட்டிப் பார்த்தாங்க.

"இது என் சொந்தப் பொருள்ப்பா. இதோ பாரு, பில்லு"ன்னு போனை நீட்டினேன்.

"பில்லு மஞ்சுளான்னு இருக்குது. நீங்க மஞ்சுளாவா?"

"என் சம்சாரம்!"

"அப்ப அவங்களை வரச் சொல்லுங்க. இல்லைன்னா ரிஜிஸ்டர்ல எண்ட்ரி காட்டுங்க. காலைல கேட்டப்ப என்னா சொன்னீங்க?"

 முனிராஜ் ரேவதி மேடத்துக்குப் போன் போட்டுட்டான். அவங்க வந்து நின்ன வேகத்தைப் பார்த்தா, என்னைத்தான் தேடிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு.

"ட்ரெயினிங் ரூம் பிசியில யாரோ கார் ரேஸ் ஏத்தி வச்சிருக்காங்க. மதியத்துல இருந்து அந்த ஆளைத் தேடறேன்"னாங்க. "இது உங்க பிசின்னா, அந்த ஆளு நீங்கதானே மாதேஷ்?"

என்னுதுன்னு சொன்னா மாட்டிக்குவேன். என்னுது இல்லைன்னா பொட்டி போச்சு, ஏழு மணி கிளாஸ் போச்சு, நான் வீட்டுக்கே போக முடியாது. மஞ்சுளாவோட "ஆறரை" காதுல கேட்டுச்சு.

"என்னுதுதான் மேடம்"னேன். எல்லாத்தையும் ஒப்புவிச்சேன், களி உட்பட. "அந்தக் கேமை இப்பவே அழிச்சுடறேன்."

"அழிக்கக் கூடாது. அது ஆதாரம்."

கடைசியில அவங்களுக்கே பாவமா இருந்திருக்கும். "பில்லைப் பார்த்தேன், நம்பறேன். ஆனா ஆடிட் லிஸ்ட்ல ஏத்தியாச்சு. எடுக்கணும்னா ஹெட் ஆபீஸ் சொல்லணும். இப்போதைக்கு ஒரு வழிதான் இருக்கு"ன்னாங்க.

அந்த வழி, ரிட்டர்னபிள் கேட் பாஸ். கம்பெனிப் பொருள் வெளியே போய்த் திரும்பி வர்றதுக்குப் போடற சீட்டு. பெறுபவர்: மஞ்சுளா, கெலமங்கலம். காரணம்: சோதனை ஓட்டம். ஏழு நாளுக்குள்ள நல்ல நிலையில திருப்பித் தரணும்.

என் சொந்தப் பொட்டியை, என் சம்சாரத்துக்கு, என் கம்பெனி ஏழு நாள் இரவல் தருது. பொறுப்பு நான்தான்னு கீழே கையெழுத்துப் போட்டேன்!

மூணு பிரதியிலயும் சீல் வைக்கறதுக்குள்ள பஸ் போயிடுச்சு. அஷ்ரப் பாய்தான் பைக்கை எடுத்தார். "நான்தானே வயரைச் சொருகினேன், ஏறுய்யா"ன்னார். முன்னாடி தக்காளி டெம்போ, பின்னாடி கிரானைட் லாரி, நடுவுல நாங்க. பொட்டியைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போனேன். வாசல்ல இறங்கும்போது ஆறு ஐம்பத்தஞ்சு.

மஞ்சுளா கடிகாரத்தைப் பார்த்தா. பொட்டியை வாங்கினா, வயரைச் சொருகினா, ஆன் பண்ணினா. ஏழு மணிக்கு சரியா கிளாஸ் ஆரம்பிச்சுது. அந்தப் பக்கம் ரெண்டாங்கிளாஸ் பசங்க மூணு பேர், மார்க் போடற ஒரு அம்மா. பாடம், கழித்தல். மஞ்சுளா ஸ்கிரீன்ல வர்றது அப்படியே பசங்களுக்கும் தெரியும்.

நான் கதவோரமா நின்னு பெருமூச்சு விட்டேன். அதுதான் அவசரப்பட்டுட்டேன்.

ரேவதி மேடம் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டலை. ட்ரெயினிங் ரூம் வழக்கப்படி, ஆன் பண்ணின அஞ்சாவது நிமிஷம் பாதுகாப்புப் படம் தானா ஓடற மாதிரியும் பண்ணி வச்சிருக்காங்க. அதை நடுவுல நிறுத்த முடியாது. ஒருத்தரும் தப்பிச்சுடக் கூடாதுல்ல!

திடீர்னு சைரன். ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. கணீர்னு ஒரு குரல். "கவனம்! நொடி நேர அலட்சியம், விரல் ஒன்று நஷ்டம்!" நாலே விரலோட ஒரு பெரிய கை வந்து நின்னுச்சு.

 அவ்வளவுதான், மூணாவதும் போச்சு, என்னாலதான் போச்சுன்னு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

மஞ்சுளா என்னை ஒரே ஒரு பார்வை பார்த்தா. அப்புறம் ஸ்கிரீன் பக்கம் திரும்பிச் சிரிச்சா.

"பாத்தீங்களா செல்லங்களா? இந்த மாமாவுக்கு அஞ்சு விரல் இருந்துச்சு. ஒண்ணு போயிடுச்சு. மீதி எத்தனை?"

"நாலு!"ன்னு மூணு பேரும் கத்தினாங்க.

படம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. பத்துத் தொழிலாளி, மூணு பேர் தலையில ஹெல்மெட் இல்லை. "எத்தனை பேர் ஹெல்மெட் போட்டிருக்காங்க?" "ஏழு!" எட்டு தீயணைப்பு வாளி, ரெண்டு காலி. "ஆறு!" பசங்க நாற்காலி மேல ஏறி நின்னுட்டாங்க.

ஒரு பையன் மட்டும் கவலையா, "மிஸ், அந்த மாமாவுக்கு விரல் திரும்ப வருமா?"ன்னான்.

"அது அடுத்த கிளாஸ் கண்ணா. கூட்டல்."

மார்க் போடற அம்மா கடைசியில, "இவ்வளவு நல்ல படம் எங்க பிடிச்சீங்க?"ன்னாங்க. "எங்க வீட்டுக்காரர் ஏற்பாடு"ன்னா மஞ்சுளா, முகத்துல ஒரு மாத்தமும் இல்லாம. வேலை கிடைச்சுடுச்சு.

அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு முடிச்சதும், "இப்பவாவது நான் ஒரு ரவுண்டு கேம் ஆடிக்கட்டுமா?"ன்னு மெல்லக் கேட்டேன். மஞ்சுளா கேட் பாஸை எடுத்து விரிச்சா.

"பெறுபவர் யாருன்னு போட்டிருக்குது, படிங்க. கம்பெனிப் பொருள்ல கேம் ஆடலாமா? உங்க சட்டம்தானே?"

ஹெட் ஆபீஸ் இன்னும் பதில் சொல்லலை. அதனால வாரத்துக்கு ஒரு தடவை பொட்டியைக் கேட்டுக்குக் கொண்டு போய், காட்டி, சீட்டைப் புதுப்பிச்சுட்டு வர்றேன். ஜாமீன்ல வந்தவன் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடற மாதிரி. "நல்ல நிலையில" இருக்குதான்னு சோதிக்கணுமே, அதனால முனிராஜ் அதை கேட் ரூம் மானிட்டர்ல மாட்டி, அந்த ஆதாரத்தை ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டுத்தான் சீல் வைக்கறான். நான் கேட்டா, "எம்ப்ளாயி தொடக் கூடாது சார்"ங்கறான்.

ஆகவே, நீங்க கேட்ட ரிவ்யூ இதுதான். தினசரி வேலைக்கு எப்படின்னு மஞ்சுளாவைக் கேளுங்க, கேமுக்கு எப்படின்னு முனிராஜைக் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சது எடை மட்டும்தான்: டிபன் பை, அடாப்டர் எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூத்தி நாப்பது கிராம்.