மீன்தொட்டிக்குள் ஓர் அரசாங்க ரகசியம்

"அந்த அறிக்கை நாற்காலி மெத்தைக்குள்ள இருக்குன்னு உனக்கு யாருய்யா சொன்னது?"

பெயர் சொல்லாத குரல் அவ்வளவு மட்டும் கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிட்டது. கிரிஸ்புலோவின் கையிலிருந்த காபி மடியில் கொட்டியது.

யாரும் சொல்லவில்லை. பலிங்காவ் நகரத்து வெள்ளத் தடுப்புச் சுவர், கட்டிய வருடமே முதல் மழையில் கடலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. விசாரணை அறிக்கையைக் காட்டுங்கள் என்று ஜனங்கள் மனுப் போட்டார்கள். "அது அரசாங்க ரகசியம்" என்று பொதுப்பணி அலுவலகம் கதவைச் சாத்தியது. உள்ளூர்ப் பத்திரிகையில் கார்ட்டூன் போடும் கிரிஸ்புலோ, தலைமைப் பொறியாளர் அந்த அறிக்கையை நாற்காலி மெத்தைக்குள் வைத்துத் தைத்து, அதன்மேல் அடைகாக்கும் கோழிபோல உட்கார்ந்திருப்பதாக வரைந்தான். சும்மா ஒரு கேலி.

சந்தைக்குப் போயிருந்த மனைவி மெர்லிண்டா மூச்சிரைக்க வந்தாள். "கிரிஸ்புலோ, அந்தப் பொறியாளரோட நாற்காலி மெத்தையை நாராக் கிழிச்சுட்டாங்களாம். மீன்காரி சொல்றா."

"அடிப்பாவி! அப்ப நிஜமாவே அதுக்குள்ளதான் இருந்திருக்கா?"

"நீதானே வரைஞ்சே? என்னைக் கேட்டா?"

பத்திரிகை ஆசிரியர் பெலாஹியோவிடம் ஓடினான்.

"இதுக்கா நடுங்குறே? அடுத்த படத்துல வேற இடத்துல போடுடா. எல்லாம் கற்பனைன்னு அவங்களுக்குப் புரிஞ்சிடும்."

பொதுப்பணி அலுவலக வாசலில் இருக்கும் மீன்தொட்டிக்குள், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கெளுத்தி அந்த அறிக்கையைப் படிப்பதாக வரைந்தான் கிரிஸ்புலோ. படம் வந்த அன்றே மீன்களை வாளியில் அள்ளிப்போட்டு, தொட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதில் இரண்டு பேர். தலையில் ஹெல்மெட். பத்திரிகைக்காரன் வீட்டு எதிரே அப்படி இரண்டு பேர் வந்து நின்றால் அடுத்துத் துப்பாக்கிதான் பேசும் என்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"இன்னும் போகலியே கிரிஸ்புலோ," என்றாள் மெர்லிண்டா, திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தபடி. "பிள்ளைகளை எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடட்டுமா?"

"அனுப்பு. என்னையும் சேர்த்து அனுப்பு."

பெலாஹியோ ஃபோனில் கத்தினார். "ரெண்டு தடவை குருட்டாம்போக்குல சரியாச் சொல்லிட்டே, அதான்! இந்தத் தடவை நடக்கவே முடியாத இடமாப் போடு!"

யோசித்து யோசித்து, ஞாயிற்றுக்கிழமைத் திருவிழா விருந்துக்குச் சுடப்போகும் முழுப்பன்றியின் வயிற்றுக்குள் அறிக்கையை வைத்தான். இதைவிடப் பைத்தியக்காரத்தனமான இடம் உலகத்தில் கிடையாது என்று அவனுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

விருந்தில் பாதிரியார் ஜெபத்தை முடிக்கவில்லை. பொதுப்பணி அதிகாரிகள் நாலு பேர் பாய்ந்து பன்றியைப் பிளந்தார்கள். ஊரே தட்டும் கையுமாகத் திகைத்து நின்றது. முழங்கை வரை பன்றிக் கொழுப்பு வழிய, தலைமைப் பொறியாளர் மெல்லத் திரும்பி கிரிஸ்புலோவை முறைத்தார். பசித்த நாய்கூட எலும்பை அப்படிப் பார்க்காது.

கிரிஸ்புலோ வீட்டுக்கு ஓடி வந்து கதவைத் தாழிட்டான். மெர்லிண்டா அழுதுகொண்டே ஒரு பையில் இரண்டு சட்டை, தலைவலித் தைலம், ஜெபமாலை எல்லாவற்றையும் திணித்தாள். "ஜெயில்ல கொசு கடிக்கும், முழுக்கைச் சட்டையா வச்சிருக்கேன்."

"ஜெயிலோட விட்டாங்கன்னா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்து."

அதே மோட்டார் சைக்கிள் இப்போது வாசலிலேயே வந்து நின்றது. கதவு தட்டப்பட்டது. பின்பக்கம் சந்து கிடையாது. கிரிஸ்புலோ சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி தாழ்ப்பாளைத் திறந்தான்.

"சுடறதுன்னா இங்கயே சுட்டுடுங்க. பொண்டாட்டியை ஒண்ணும் பண்ணாதீங்க."

வெடிச்சத்தம் கேட்கவில்லை. யாரோ செருமினார்கள். கண்ணைத் திறந்தால், வழுக்கைத் தலை வியர்த்து ஒழுக, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு ஒல்லி மனிதர். பொதுப்பணி அலுவலகத்தின் கோப்பறை குமாஸ்தா. கிரிஸ்புலோவைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார், ரகசியமுமில்ல ஒரு மண்ணுமில்ல, அந்த அறிக்கையை நாங்களே எங்கயோ தொலைச்சுட்டோம், அடுத்து எங்க வரையப் போறீங்கன்னு முன்கூட்டியே சொல்லிட்டீங்கன்னா, ஊரு பார்க்கறதுக்குள்ள போய் அங்கயும் ஒரு தடவை தேடிப் பாத்துடுவோம்!"