பசை போடாத வண்டி

ஒரு காட்டில், சிங்கம் ஆண்ட காலமெல்லாம் மலையேறிப்போய், சங்கம் வைத்து, தேர்தல் வைத்து, ஏகாம்பரம் என்ற யானையைத் தலைவராக உட்கார வைத்த பிறகு, மாசிலாமணி என்றொரு முள்ளம்பன்றி குடியிருந்தான். சாது. யார் வம்புக்கும் போகமாட்டான். அவனுக்கு ஒரே ஒரு கிறுக்கு இருந்தது. குட்டிக் கார் கட்டுவான்.

பொம்மைக் கார் என்று சொல்லிவிடாதீர்கள், முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வந்துவிடுவான். நிஜக் காரை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதை வாங்கி, ஒவ்வொரு துண்டாக நறுக்கி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாயம் அடித்து, காய வைத்து, ஒட்ட வேண்டும். சுற்றுலா வந்த யாரோ மறந்து விட்டுப்போன ஒரு பெட்டியில் தொற்றிய பழக்கம் இது. இப்போது பருந்து கூரியரில் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது.

அதிலும் ஹாட் ராட் என்றால் மாசிலாமணிக்கு உயிர். பாட்டன் காலத்து வண்டி ஒன்றைப் பிடித்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, பின்சக்கரத்தை மட்டும் பெரிதாக வைத்து, அந்த வண்டி கனவிலும் நினைத்திராத ராட்சச எஞ்சினை அதன் வயிற்றுக்குள் ஏற்றி, பக்கவாட்டில் தீ எரிகிற மாதிரி வரைந்துவிட்டால் அதுதான் ஹாட் ராட். எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்களுக்கு எந்தப் பதிலும் போதாது. கேட்காதவர்களுக்குப் பதிலே வேண்டாம்.

வாங்கிய பெட்டிகளில் கட்டி முடித்தது சொற்பம். மற்றதெல்லாம் பிரிக்காமலே வளையின் பின்னறையில் கூரையை இடித்துக்கொண்டு நின்றது. "கட்டுறதுக்குத்தானே வாங்குறீங்க? அப்ப கட்டிட்டு வாங்கக் கூடாதா?" என்று அவன் மனைவி கோமளம் கேட்பாள். "கம்பெனிக்காரன் நிறுத்திட்டா அப்புறம் கிடைக்காது கோமளம்" என்பான். இந்தக் கிறுக்குப் பிடித்த எல்லோரும், எந்தக் காட்டில் இருந்தாலும், இதே பதிலைத்தான் சொல்கிறார்கள். எங்காவது ரகசியமாகக் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்களோ என்னவோ.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் கோமளம் முழுகாமல் இருந்தாள்.

"பிள்ளை பொறந்தா எங்க போடறது? பெட்டி மேலயா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை, அதுதான் மாசிலாமணிக்குப் பயத்தைக் கொடுத்தது. மறுநாளே ஒரு கரையான் குடும்பத்தை அழைத்து வந்து பின்னறையைக் காட்டினாள். பெண் பார்க்க வந்தவர்களைப் போல அவை பெட்டிகளை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தன. ஒரு மூலையை லேசாக ருசியும் பார்த்துவிட்டு, "எங்களுக்குப் பிடிச்சிருக்கு. நாள் மட்டும் சொல்லுங்க" என்றன.

மாசிலாமணி அன்று சாப்பிடவில்லை. நியாயம் கோமளத்தின் பக்கம் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுகிறதா?

அந்த நேரம் பார்த்துச் சங்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. குட்டிக் கார் கண்காட்சி நடக்கும். தலைவர் ஏகாம்பரமே நடுவர். முதல் பரிசு பெறுகிறவருக்கு ஆலமரத்துப் பெரிய பொந்து, வேலை செய்ய, பெட்டி அடுக்க, எதற்கு வேண்டுமானாலும். மாசிலாமணி மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினான்.

"ஜெயிச்சா பெட்டியெல்லாம் பொந்துக்குப் போயிடும், பின்னறை உனக்கு" என்றான்.

"தோத்தா?"

மூலையை நக்கிக்கொண்டு நின்ற கரையான் பொடியனை அவள் பார்த்த பார்வையே பதிலாக இருந்தது.

அப்புறம் ஆரம்பித்தது வேலை. மற்றவர்கள் கடையில் வாங்கும் சாமானெல்லாம் அவன் முதுகிலேயே முளைத்திருந்தது. பொடி முள்ளால் சாயம் தொட்டு வைத்தான், தடித்த முள்ளைச் சீவிப் புகைக்குழாய் செய்தான். சிலந்தியிடம் கெஞ்சி நூல் வாங்கி எஞ்சினுக்கு ஒயர் இழுத்தான். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வைத்தான். டிக்கியில் ஸ்பானர் செட்டும், மூடி திறக்கிற சாப்பாட்டுக் கேரியரும் வைத்தான். கேரியருக்குள் ஊறுகாய் வைக்க ஒரு குழி இருந்தது. டிரைவர் காலடியில், யாரோ அவசரத்தில் விட்டுப்போன மாதிரி ஒற்றைச் செருப்பு கிடந்தது.

எல்லாவற்றையும் வைத்து முடித்து, பானெட்டை மூடினான். டிக்கியை மூடினான். கூரையைப் பொருத்தினான். வெளியே பார்த்தால் தீ வரைந்த சிவப்பு வண்டி ஒன்று, அவ்வளவுதான்.

"மூடிட்டா உள்ள இருக்கிறது யாருக்குங்க தெரியும்?" என்றாள் கோமளம்.

"எனக்குத் தெரியும்" என்றான் மாசிலாமணி, மிடுக்காக.

பொய். இந்தக் கூட்டத்தில் எல்லோரும் சொல்கிற பொய் இது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், குனிந்து "உள்ளே என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்க வேண்டும் என்று அவன் உள்ளம் ஏங்கிக்கொண்டிருந்தது. கேட்டால் உடனே கழற்றிக் காட்டலாம் என்றுதான், கடைசியாக ஒட்ட வேண்டிய பாகங்களுக்கெல்லாம் பசையே போடாமல் வெறுமனே பொருத்தி வைத்தான். சக்கரத்திலிருந்து கூரை வரை அந்த வண்டி நம்பிக்கையில் மட்டும் நின்றது.

கண்காட்சி நாளன்று வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. பதிவு மேசையில் ஒரு கீரி உட்கார்ந்திருந்தது. "பளபள வண்டியா, பழைய வண்டியா?" என்றது.

"பழைய வண்டிதாங்க. ஆனா புது எஞ்சின். ஹாட் ராட்னு சொல்வாங்க."

"அதெல்லாம் இங்க இல்ல. பளபளவா, பழசா, இதரவா?"

"ரெண்டும் கலந்து..."

"இதர" என்று சொல்லிவிட்டுக் கீரி அடுத்த ஆளைப் பார்த்தது.

மாசிலாமணிக்கு ஒதுக்கிய இடத்துக்குப் பக்கத்து இடம் புருஷோத்தமன் என்ற நரியுடையது. நரி வந்துவிட்டதே, இனி சூழ்ச்சிதான் என்று நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். இந்த நரிக்குச் சூழ்ச்சி வராது. வந்ததெல்லாம் பாலிஷ். அவன் கார் நீல நிறத்தில் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னியது. உள்ளே எஞ்சின் கிடையாது, சீட் கிடையாது; கண்ணாடிக்குக் கறுப்பு அடித்துவிட்டான். ஒரு டியூப் பசை முழுவதையும் உள்ளே பிதுக்கி, எல்லாவற்றையும் ஒரே கட்டியாக இறுக்கியிருந்தான்.

"எதுக்குண்ணே உள்ள போய்க் கஷ்டப்படணும்? யாரு தெறந்து பாக்கப் போறா?" என்றான் புருஷோத்தமன்.

அவன் சொன்னதும் சரிதான். மேசைக்கு மேசை ‘தொடாதீர்கள்’ என்று பலகை தொங்கியது. நடுவரும் தொடக்கூடாதாம். மாசிலாமணி திரும்பி வாசல் பக்கம் பார்த்தான். கோமளம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், கரையான் குடும்பம் மொத்தமும் விசேஷத்துக்கு வந்த மாதிரி வந்திருந்தது.

ஏகாம்பரம் வந்தார். கண் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் தலைவர். நீல வண்டியின் முன்னால் நின்றார். அதில் தன் முகம் தெரிந்ததும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். "நல்ல வண்டி" என்றார். அடுத்ததாகச் சிவப்பு வண்டியைப் பார்த்தார். "ம்" என்றார். நகரப் பார்த்தார்.

கேள், ஐயா, கேள் என்று மாசிலாமணியின் முள் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. அவர் கேட்கவில்லை.

அந்த நொடியில் புருஷோத்தமன், தலைவரோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம் என்று போனைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். அவன் திரும்பினான் என்றால் வாலும் திரும்பியது. வால் சிவப்பு வண்டியை மேசையிலிருந்து வாரி விட்டது.

வண்டி தரையில் விழுந்து நாலாபுறமும் சிதறியது. கூரை ஒரு பக்கம், பானெட் ஒரு பக்கம், ஒயர் சுற்றிய எஞ்சின் தனியாக, ஸ்பிரிங் தெரியச் சீட் தனியாக. ஒரு சக்கரம் மட்டும் உருண்டு போய் ஏகாம்பரத்தின் காலடியில் படுத்தது. கேரியர் திறந்துகொண்டது. எல்லாவற்றுக்கும் நடுவே அந்த ஒற்றைச் செருப்பு.

மாசிலாமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு அறை கிடைக்கும், பெட்டிகள் கரையானுக்குப் போகும், எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். புருஷோத்தமன் தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டான்.

ஏகாம்பரம் மெல்ல மண்டியிட்டார். தும்பிக்கையைப் பின்னால் மடக்கிக்கொண்டு, மூச்சுக் காற்றுகூடப் படாமல் குனிந்து குனிந்து பார்த்தார்.

"ஸ்பிரிங்" என்றார். "சீட்டுக்கு அடியில ஸ்பிரிங். ஊறுகாய்க்குத் தனியா குழி." அப்புறம் செருப்பைப் பார்த்தார். "பாவம். இந்தச் செருப்பு போட்டிருந்தவர் தப்பிச்சாரா?"

மாசிலாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. "எவருங்க ஐயா?"

"எத்தனையோ பேர் வண்டி செஞ்சிருக்காங்க. விபத்தை இவ்வளவு தத்ரூபமா யாரும் செஞ்சதில்ல." ஏகாம்பரம் கீரியின் பக்கம் திரும்பினார். "இவர் எந்தப் பிரிவு?"

"இதர, தலைவரே."

"அதானே பார்த்தேன்."

"ஐயா, இது விபத்துக் காட்சி இல்லீங்க, வண்டி முழுசா இருந்தது, இப்பத்தான் வால் பட்டு" என்று ஆரம்பித்தான் மாசிலாமணி. அவன் உண்மை விளம்பி. ஆனால் அதற்குள் கோமளம் எப்படித்தான் அந்த வயிற்றோடு அவ்வளவு வேகமாக வந்தாளோ, அவன் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"என்னங்க, தலைவர் பேசும்போது குறுக்க பேசாதீங்க" என்றாள். ஏகாம்பரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "ராப்பகலா விழ வெச்சாருங்க. சாப்பிடக்கூட வரல."

புருஷோத்தமன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தான். பார்த்ததும், தன் நீல வண்டியைத் தானே மேசையிலிருந்து தட்டிவிட்டான். அது டொக்கென்று விழுந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு சக்கரம் கழலவில்லை. பூசணிக்காய் மாதிரி உருண்டு போய், பளபளவென்று நிமிர்ந்து நின்றது.

ஏகாம்பரம் உதட்டைப் பிதுக்கினார். "விழக்கூடத் தெரியல" என்றார்.

முதல் பரிசு மாசிலாமணிக்கு. பெட்டிகள் பொந்துக்குப் போயின, பின்னறையில் தொட்டில் கட்டினார்கள். கரையான்கள் மனம் கசந்து, சங்கக் கட்டடத்துப் பக்கம் வேறு இடம் பார்த்துக்கொண்டன. எல்லாம் நன்றாக முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சிதறிய வண்டியைச் சிதறினபடியே கண்ணாடிப் பெட்டியில் வைத்து, சங்க வாசலில் நிறுத்திவிட்டார்கள். தன் வாழ்நாளிலேயே நன்றாகக் கட்டிய வண்டியை மாசிலாமணி இனி ஒருநாளும் சேர்த்துப் பார்க்க முடியாது. குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் அங்கே போய் நிற்பான். கை துறுதுறுக்கும். அழுகையும் வரும். பக்கத்தில் யாராவது குனிந்து "உள்ள எவ்வளவு வேலை பாருங்க" என்று சொல்வார்கள். உடனே அழுகை நின்று, மாசிலாமணி சற்று நிமிர்ந்துகொள்வான். குட்டி அவன் முள்ளைப் பிடித்து இழுக்கும்.

அடுத்த கண்காட்சிக்குக் காடே கார் கட்டியது. எல்லோரும் உள்ளுக்குள் இழைத்து இழைத்து வேலை செய்தார்கள். ஒருவரும் பசை வாங்கவில்லை. பதிவு மேசையில் கூட்டம் நெரிந்தது, எல்லோரும் ‘இதர’வாம். ஆனால் அதைவிட நீளமான வரிசை ஒன்று புருஷோத்தமன் வீட்டு வாசலில் நின்றது. அவன் இப்போது கார் கட்டுவதில்லை. போனைத் தூக்கிக்கொண்டு எந்த நேரத்தில், யார் மேசைக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும் என்பதற்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான்.

வரிசையில் முதல் ஆளாக, புது வண்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றவன் மாசிலாமணி.

நீதி: உன் உள்ளே இருப்பதை யாராவது திறந்து பார்ப்பார்கள் என்று காத்திராதே. நடுவர் வரும் நேரம் பார்த்து விழு, விழும்போது சிதறு.