அந்த வருஷம் ஜோயெல் கிடையாது

ரெஜிஸ் முடிவு எடுத்துவிட்டான். இந்தக் கோடை அந்த முதல் கோடை மாதிரியே இருக்க வேண்டும். அதே சோமூர் நகரம். அதே லுவார் ஆறு. ஆற்று நடுவில் அதே தீவு, தீவில் அதே கூடாரத் திடல், கூடாரத் துணியில் அதே எண்ணெய்க் கறை. மனைவியும் அதேதான். அதை மாற்றும் எண்ணம் அவனுக்கு இருந்ததில்லை. தைரியமும் இருந்ததில்லை.

சாதாரணமாக அந்த வீட்டில் முடிவு எடுப்பது அவன் மனைவி அர்மெல்தான். ஆனால் இந்தத் தடவை விஷயம் முற்றிவிட்டது. திடலின் ஓரத்தில் வரிசையாக மரவீடுகள் கட்டியிருந்தார்கள். கட்டில், கதவு, குளிக்கிற இடம், எல்லாம் உள்ளேயே. குளிர்காலம் முழுக்க அர்மெல் ஒரே பல்லவியாகப் பாடினாள். அடுத்த வருஷத்திலிருந்து மரவீடு. கூடாரத்தை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

கொடுத்துவிடுவதா! கல்யாணத்துக்கு முந்தின அந்த முதல் கோடையில் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய கூடாரம் அது. மகள் நொயெமி நடக்கப் பழகியது அதன் கயிறுகளைப் பிடித்துக்கொண்டுதான். விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டதும் அதே கயிறுகளில் தடுக்கித்தான். இப்போது அவள் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டாள். செப்டம்பரில் லியோன் நகரத்துக்கு வேலைக்குப் போகிறாள். மகளும் போய் கூடாரமும் போனால் அவனுக்கு என்ன மிச்சம்? லெ மான் நகரத்தில் ஜன்னல் விற்கிற கடை. வீட்டுக்கு வந்தால் வீட்டு ஜன்னல். அவ்வளவுதான்.

வாதாடிப் பயனில்லை என்பது அவனுக்குத் தெரியும். குளிர்காலம் பூரா வாதாடித் தோற்றவன். அதனால் ஒரு திட்டம் போட்டான். அர்மெலுக்கு அந்த முதல் கோடையை ஞாபகப்படுத்த வேண்டும். ஞாபகம் வந்தால் உருகுவாள். உருகினால் கூடாரம் பிழைக்கும்.

காரில் போகும்போதே ஆரம்பித்தான்.

"அர்மெல், ஒண்ணு சொல்லட்டுமா?"

"வேகத்தைக் குறைச்சிட்டுச் சொல்லு."

"இந்த வாரம் பூரா அந்த முதல் வருஷம் மாதிரியே இருப்போம். அன்னைக்கு நீயும் நானும் எப்படி இருந்தோமோ, அப்படியே. அதுக்கப்புறமும் உனக்கு மரவீடுதான் வேணும்னா நான் வாயே திறக்க மாட்டேன்."

"நான் அப்போ பொறக்கவே இல்லை," என்றது பின் சீட்டு. "என்னை எங்க இறக்கிவிடப் போறே?"

"நீ விருந்தாளி நொயெமி. பேசாம வா."

அர்மெல் ஜன்னலை ஏற்றிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். வெளியே சூரியகாந்தி வயல்கள் போய்க்கொண்டிருந்தன.

"அப்படியேவா?"

"அப்படியே."

"எனக்கு ஒண்ணுவிடாம ஞாபகம் இருக்கு ரெஜிஸ். பின்னாடி மாத்திப் பேசக் கூடாது."

"எனக்கு மட்டும் ஞாபகம் இல்லையா?"

உண்மையைச் சொன்னால், இல்லை. அவனுக்கு ஆறு ஞாபகம் இருந்தது. சாயங்கால வெளிச்சம் ஞாபகம் இருந்தது. அவள் போட்டிருந்த மஞ்சள் கவுன் ஞாபகம் இருந்தது. மீதியெல்லாம் ஒரே பனிமூட்டம். அந்தப் பனிமூட்டத்தை நம்பித்தான் ஆசாமி வாக்குக் கொடுத்தான்.

திடலில் இறங்கியதுமே பக்கத்து இடத்து ஜோயெல் சுத்தியலோடு ஓடி வந்தார். ரூபே என்ற ஊரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் அதே இடத்தில் கேரவனை நிறுத்திவிட்டு, வருகிறவர்கள் எல்லோருக்கும் கூடார முளை அடித்துக் கொடுப்பதுதான் அவருடைய விடுமுறை.

"எந்தப் பக்கம் பிடிக்கட்டும்?"

"எந்தப் பக்கமும் வேண்டாம் ஜோயெல்," என்றாள் அர்மெல். நாற்காலியை விரித்து உட்கார்ந்து ஒரு ஆப்ரிகாட் பழத்தை எடுத்தாள். "அந்த முதல் வருஷம் ரெஜிஸ் தனியாத்தான் அடிச்சான். நான் இப்படி உக்காந்து பழம் தின்னுட்டிருந்தேன். என்ன அழகு தெரியுமா அன்னைக்கு அவன்!"

ஜோயெல் ரெஜிஸை மேலும் கீழும் பார்த்தார். கீழே பார்க்கும்போது ரெஜிஸின் வயிறு குறுக்கே வந்தது.

"இவனா? தனியாவா?"

ரெஜிஸ் மார்பை விரித்தான். "ஒத்தைக் கையால," என்றான்.

அப்படி அவள் சொல்லவே இல்லை. அவனாகச் சேர்த்துக்கொண்டான்.

கூடாரம் நிற்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. நடுக்கம்பு இரண்டு தடவை அவன் தலையில் விழுந்தது. "அன்னைக்கும் விழுந்துதா அப்பா?" என்று நொயெமி கேட்டாள். "விழுந்துது. ஆனா அன்னைக்குச் சிரிச்சான்," என்றாள் அர்மெல். அவன் சிரித்தான்.

மறுநாள் காலையில் ரொட்டி. திடலின் கடையிலேயே ரொட்டி வரும். முந்தின சாயங்காலம் சொல்லிவைத்தால் போதும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

"அந்த வருஷம் இங்க கடை எங்க இருந்துச்சு?" என்றாள் அர்மெல், போர்வைக்குள்ளிருந்து. "நீ பாலத்தைத் தாண்டிப் போய், மாதாகோவில் பக்கத்துச் சந்துல சுடச்சுட வாங்கிட்டு வருவே. நான் எழுந்திருக்கிறதுக்குள்ள வந்துடுவே."

"கார் சாவி எங்க?"

"அந்த வருஷம் நம்மகிட்ட கார் ஏது?"

நடந்தான். பாலம் நீளம். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பாலத்தின் நடுவில் அவன் நின்றுவிட்டான். கோடைத் தண்ணீர் இறங்கி, மணல்திட்டுகள் முதுகு காட்டிப் படுத்திருந்தன. எதிரே வெள்ளைக் கல் வீடுகள், அவற்றின் நீலக் கூரைகள், மேலே கோட்டை. எல்லாம் தண்ணீரில் இன்னொரு தடவை தலைகீழாக. இருபது வயதில் இதே இடத்தில் கக்கத்தில் ரொட்டியோடு நின்ற மாதிரி அவனுக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது. திட்டம் வேலை செய்கிறது என்று நினைத்தான். வேலை செய்தது. ஆனால் அவன் மேல்.

சாப்பிட்டதும் தட்டுகள். திடலின் நடுவில் குழாயடி. பிளாஸ்டிக் தொட்டியில் தட்டுகளை அடுக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

"அந்த வருஷம் என்னைத் தொட விட்டியா நீ? இந்தக் கை சோப்புல படக் கூடாதுன்னு சொல்லுவே."

"அப்படியா சொன்னேன்?"

"மறந்துட்டியா?"

"சேச்சே! கையைப் பிடிச்சுக்கிட்டே சொன்னேன்."

நொயெமி வாந்தி எடுப்பது போல ஜாடை காட்டினாள். ரெஜிஸ் தொட்டியைத் தூக்கினான். மத்தியானம் தூக்கினான். ராத்திரியும் தூக்கினான்.

மூன்றாம் நாள் அவன் ஓட்டம் பிடித்தான். ஜூலையில் நாடு முழுக்க சைக்கிள் பந்தயம் பார்க்கும். அன்றைக்குப் பந்தயம் மலை ஏறுகிற நாள். ஜோயெலின் கேரவன் நிழலில் சின்ன டிவி, குளிர்ந்த சோம்பு மது, காலி நாற்காலி ஒன்று. ரெஜிஸ் உட்கார்ந்ததுதான் தாமதம். வேலிச்செடிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ரெஜிஸ், எங்க இருக்கே?"

"ஜோயெல்கிட்ட. அஞ்சே நிமிஷம்!"

"அந்த வருஷம் ஜோயெல் கிடையாது."

ஜோயெல் தன் தொடையைக் கிள்ளிப் பார்த்தார். "நான் இருக்கேனேம்மா!"

"அந்த வருஷம் நீங்க ரூபேயில தபால் போட்டுட்டிருந்தீங்க. டிவியும் கிடையாது. வா ரெஜிஸ், கோட்டைக்குப் போகணும்."

"போ," என்றார் ஜோயெல் மெல்ல. "யார் ஜெயிச்சாங்கன்னு அப்புறம் சொல்றேன். அதுக்காவது நான் இருப்பேனான்னு உன் பொண்டாட்டியைக் கேட்டுக்கோ."

கோட்டைக்குப் போகிற சந்துகள் செங்குத்து. பாதி மேட்டில் அர்மெல் நின்றாள். ஒரு வீட்டுச் சுவரைத் தொட்டாள். அந்த ஊர்க் கல் மெத்தென்று இருக்கும், தொட்டால் விரலில் மாவு ஒட்டும்.

"இங்கதான் என் செருப்பு கடிச்சுது."

"ஆமா ஆமா."

"நீ என்னை முதுகுல தூக்கிட்டுப் போனே."

ரெஜிஸ் மேட்டைப் பார்த்தான். மேடு அவனைப் பார்த்தது.

"கோட்டை வாசல் வரைக்குமா?"

"மறந்துட்டியா?"

"எப்படி மறப்பேன்? நீ பாட்டுப் பாடிட்டே வந்தே."

அர்மெல் ஒரு விநாடி அவனை வியப்பாகப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். அவன் குனிந்தான். பத்து அடி போயிருப்பான். முட்டி ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம். எதிரே வந்த ஜெர்மன்காரர்கள் ஒதுங்கி நின்று கை தட்டினார்கள். நொயெமி ஆரம்பத்திலிருந்தே படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் பாடேன் அம்மா. அப்போதான் கணக்கு சரியா வரும்."

அர்மெல் பாடினாள். நன்றாகவே பாடினாள். அதுதான் கொடுமை.

அன்று சாயங்காலம் மூவரும் ஆற்றோர மணல்திட்டில் உட்கார்ந்தார்கள். கரையில் ஒரு கடையின் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த சின்ன உப்பு ரொட்டிகளைக் கிழித்து, உள்ளே காளானும் வெண்ணெயும் வைத்துச் சாப்பிட்டார்கள். வெள்ளைக் கோட்டை ரோஜா நிறமாகி, பிறகு தேன் நிறமாகியது. குருவிகள் தண்ணீரை உரசிக்கொண்டு பறந்தன. அக்கரையில் யாரோ கல்யாணம். பாண்டு வாத்தியம் ஆற்றின் மேல் வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிட்டது.

"அன்னைக்கும் ஒரு கல்யாணம் நடந்துது," என்றாள் அர்மெல். குரல் மாறியிருந்தது. "அக்கரையில. நாம இங்க வெறுங்காலோட ஆடினோம்."

இது அவனுக்கு ஞாபகம் இருந்தது. மஞ்சள் கவுன், ஈர மணல், அவள் களுக்கென்று சிரித்தது. அவன் எழுந்து கையை நீட்டினான். இருவரும் ஆடினார்கள். முட்டி வலித்ததால் அவன் ஒரு காலில்தான் ஆடினான். நொயெமி ஃபோனை எடுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் அர்மெல் அவன் தோளில் சாய்ந்தாள். கண் கலங்கியிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தான் ரெஜிஸ்.

"நீ சொன்னதுதான் சரி ரெஜிஸ். மரவீடெல்லாம் வேண்டாம். அடுத்த வருஷமும் இப்படியே வருவோம். அதுக்கடுத்த வருஷமும். கூடாரம் இருக்கிற வரைக்கும், அப்படியே."

"அப்படியேன்னா?"

"எல்லாமே. ரொட்டி, தட்டு, கோட்டை மேடு. ஒண்ணுகூடக் குறையாம."

அந்தக் கூடாரத்துத் துணி பேரன் காலத்திலும் கிழியாது என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் ரெஜிஸ். முதல் தடவையாக அந்தத் துணி கிழியாதா என்று ஏங்கினான்.

மறுநாள் ரொட்டி வாங்கப் போனவன் பாலத்துக்குப் போகவில்லை. நேராகத் திடல் அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மரவீட்டுல பாத்திரம் கழுவுற மெஷின் இருக்கா?"

"இருக்கு."

அடுத்த ஜூலைக்கு அங்கேயே பதிவு செய்தான். மாற்ற முடியாத பதிவு. பிறகு தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பினான்.

"அர்மெல், நான் நல்லா யோசிச்சேன். நான் சுயநலமா இருந்துட்டேன். உனக்காக மரவீடு எடுத்துட்டேன்."

"ஐயோ, என்ன ரெஜிஸ் இது! இப்போதான் கூடாரம் திரும்பப் பிடிக்க ஆரம்பிச்சுது."

"வேண்டாம். உன் முதுகு என்னத்துக்கு ஆகும்?"

"என் முதுகு நல்லாத்தானே இருக்கு?"

"அர்மெல், தயவுசெஞ்சு!"

அவள் பெருமூச்சு விட்டாள். "சரி. நீ இவ்வளவு ஆசைப்படறே. கூடாரத்தை நொயெமி எடுத்துக்கட்டும்."

"எடுத்துக்கறேன்," என்றாள் நொயெமி சட்டென்று. ரெஜிஸுக்குக் கண் கலங்கியது. கூடாரம் குடும்பத்தை விட்டுப் போகவில்லையே. போதும். அவன் காலைத் தட்டுகளைத் தொட்டியில் அடுக்க ஆரம்பித்தான்.

"அம்மா, ஒரு சந்தேகம்," என்றாள் நொயெமி. "அப்பா அந்த வருஷம் நிஜமாவே இதெல்லாம் செஞ்சாரா?"

"பின்னே?" என்றான் ரெஜிஸ்.

அர்மெல் வாய்விட்டுச் சிரித்தாள். "பதிவை மாத்த முடியாதுல்ல? அப்போ சொல்லலாம். உங்கப்பா அந்த வருஷம் ஒரு கரண்டியைக்கூடத் தொடல. கூடாரம் அடிச்சது நான். ரொட்டி வாங்கினது நான். உங்கப்பா தூண்டிலைத் தூக்கிட்டுப் போனா சாப்பாட்டுக்குத்தான் வருவாரு. ஒரு மீன் வந்ததில்லை."

"கோட்டை மேட்டுல தூக்கிட்டுப் போனது?"

"செருப்பு கடிச்சது நிஜம். வெறுங்காலோட ஏறினேன். உங்கப்பா மேல நின்னுக்கிட்டு, சீக்கிரம் வா, வாசலை மூடிருவாங்கன்னு கத்தினாரு."

"நீ பாட்டுப் பாடினே!" என்று கத்தினான் ரெஜிஸ்.

"அது நீயா சேர்த்தது. நான் அசந்தே போயிட்டேன். எவ்வளவு அள்ளி விட்டாலும் நீ மேல ஒரு கைப்பிடி போட்டே. குளிர்காலம் பூரா கேட்டேன், மரவீடு கிடைக்கல. வேண்டாம்னு சொன்னேன், கெஞ்சிக் குடுத்துட்டே."

"அப்போ எல்லாமே பொய்யா?"

"மணல்திட்டு நிஜம்," என்றாள் அர்மெல். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

ஆனால் ரெஜிஸுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. விறுவிறுவென்று நடந்தான். இனிமேல் ஒரு தட்டைத் தொட்டால் என் பெயர் ரெஜிஸ் இல்லை, இதை இந்தத் திடலே கேட்கும்படி சொல்லப்போகிறேன், என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனான். நன்றாக அடுக்கி முடித்ததும் கத்துவதற்காகத் திரும்பினான். குழாயடியில் நின்றுகொண்டிருந்தான். தொட்டி இடுப்பில் இருந்தது. குழாயையும் அவனே திறந்துவிட்டிருந்தான்.