லம்பினென் வீட்டுப் படகுத்துறை

கடப்பாரை பனிக்கட்டியை உடைக்கவில்லை. அதற்கு அடியில் இருந்த மிதவைப் பீப்பாயை உடைத்தது.

டெல்பர்ட் லம்பினென் கையுறையைக் கழற்றிவிட்டு ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். முழு விரலும் உள்ளே போயிற்று.

மார்ச் மாதம். வடக்கு மினசோட்டாவில் ஏரி இன்னும் உறைந்துதான் கிடந்தது. ஆனால் மதிய வெயிலுக்குக் கரையோரம் சொதசொதக்க ஆரம்பித்திருந்தது. பாளம் பாளமாகப் பனி நகரத் தொடங்கினால் கரையில் மாட்டிய, பீப்பாய்கள்மேல் மிதக்கும் மரப் படகுத்துறையை அப்பளமாக நொறுக்கிவிடும். அதனால்தான் குளிருக்கு முன்பே எல்லோரும் துறையைக் கரையேற்றிவிடுவார்கள்.

டெல்பர்ட் ஏற்றவில்லை. "நாளைக்கு, நாளைக்கு" என்று மனைவி லொரெய்னிடம் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, நவம்பரில் மான் வேட்டைக்குக் கிளம்பிப் போய்விட்டார். திரும்பி வந்தபோது ஏரி இறுகிவிட்டது. துறை அதற்குள் பனி மூடிக் கிடந்தது. லொரெய்ன் அதற்குள் மகளின் பிரசவத்துக்காக டுலூத் போய்விட்டிருந்தாள். இரட்டைக் குழந்தைகள் என்பதால் குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டாள்.

"துறைய ஏத்திட்டியா?" என்று போனில் கேட்டாள்.

"ஏத்தியாச்சு."

"சரி" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே டெல்பர்ட்டைக் குளிர்காலம் பூராவும் அரித்தது. போன வருஷமும் இதே மாதிரி விட்டு ஒரு துறை போயிருந்தது. கோடையில் அவர்களுடைய இரண்டு ஏரிக்கரை விடுதிகளையும் வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே படகு கட்ட இடம் இருக்கிறதா என்றுதான்.

இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

"பீப்பாய ஒடச்சிட்டியா?"

எதிர்க்கரை ஆர்வில் சாத்தர், மீன் தூண்டிலும் முக்காலியுமாகப் பனிமேல் நடந்து வந்து நின்றார்.

"லேசாத்தான்."

"கடப்பாரை எடுத்தா இப்படித்தான். எங்கிட்ட ஒரு மோட்டார் இருக்கு. அடியில இருக்கற கதகதப்பான தண்ணிய மேல தள்ளும். அந்தச் சூட்டுல பனி தானா கரையும். நீ கைய கட்டிக்கிட்டு நின்னாப் போதும்."

மோட்டாரை இறக்கினார்கள். மறுநாள் காலையில் துறையைச் சுற்றிப் பனி நன்றாகவே கரைந்திருந்தது. நல்ல பீப்பாய்கள் இருந்த பக்கம் மேலே எழும்பியது. ஓட்டைப் பீப்பாய் இருந்த பக்கம் அடியில் போனது. நடுவில் துறை முறுக்கிக்கொண்டு, இரண்டு பலகைகள் சடசடவென்று பிளந்தன.

"தண்ணி கலங்கினதுல கிராப்பி மீன் சேர்ந்திருக்கு, பாரு" என்று ஆர்வில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன்யா."

"சாகறதுக்கு முன்னாடி புழு டப்பாவ எடுத்துக் குடுத்துட்டுப் போ."

மதியத்துக்குள் ஒரு வாளி நிறைய மீன் பிடித்த சந்தோஷத்தில் ஆர்வில் அடுத்த யோசனையைச் சொன்னார். துறையில் இரும்புக் கயிற்றைக் கட்டி, கப்பி வைத்துக் கெட்டிப் பனிமேல் இழுக்க வேண்டும். கப்பியை மாட்ட அசையாத ஏதாவது வேண்டும். கரையில் இருந்த மரமெல்லாம் சுள்ளி. அசையாமல் நின்றது, உறைந்த ஏரிமேல் உட்கார்ந்து மீன் பிடிக்க டெல்பர்ட் வைத்திருந்த மரக்குடில் ஒன்றுதான். டிசம்பரிலிருந்து அது பனியோடு பனியாக ஒட்டிக் கிடந்தது.

"அது கோட்டை மாதிரி நிக்குது" என்றார் ஆர்வில்.

இழுத்தார்கள். துறை அசையவில்லை. கோட்டை அசைந்தது. உள்ளே அடுப்பும் அதன்மேல் காபிப் பாத்திரமும் உருளும் சத்தம் கேட்டது. குடில் கம்பீரமாக வழுக்கிக்கொண்டு வந்து, கரையோரச் சொதசொதப்பில் கதவு வரைக்கும் புதைந்து நின்றது. வாளி கவிழ்ந்தது. கிராப்பிகள் வந்த வழியே திரும்பிப் போயின.



"லொரெய்ன் கேட்டா என்ன சொல்றது?" என்றார் டெல்பர்ட். "கோபப்பட்டாக்கூட பரவால்ல. ஒண்ணும் சொல்லாம ஒரு பார்வை பார்ப்பா. அதான் தாங்காது."

ஆர்வில் அவர் தோளைத் தட்டினார். "இனிமே இத முழுசா எடுக்க முடியாது. துண்டு போட்டு எடுத்துடலாம். கோடைக்குள்ள சேர்த்து ஆணி அடிச்சுக்கலாம். நான் கூட நிக்கறேன்."

"அறுக்கறதா? மனசு வரலையே."

"சொந்தப் பொருள அறுக்க என்னய்யா யோசனை? குடு, நானே அறுக்கறேன்."

ஆர்வில் மோட்டார் ரம்பத்தை வாங்கி, மிக உற்சாகமாக அறுத்தார். மரம் நல்ல மரம், செய்தவன் நல்ல தச்சன் என்று இடையிடையே பாராட்டினார். ஏரியைச் சுற்றியிருந்த பாதித் துறைகளை அதே தச்சர்தான் செய்திருந்தார். கடைசித் துண்டைக் கரையேற்றும்போது பின்னால் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

லொரெய்ன் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள்.

புதைந்த குடிலைப் பார்த்தாள். பலகைத் துண்டுகளைப் பார்த்தாள். முழங்கால் வரை நனைந்து நின்ற கணவரைப் பார்த்தாள்.

"நான் ஏத்தல, லொரெய்ன்" என்றார் டெல்பர்ட். "ஏத்திட்டேன்னு பொய் சொன்னேன். குளிர்காலம் பூரா தூக்கம் இல்ல. இப்ப அதையும் நாசம் பண்ணிட்டேன்."

லொரெய்ன் அவர் அருகில் வந்து, மீசையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

"ஏத்தலன்னு தெரியும், டெல். நீ மான் வேட்டைக்குப் போன மறுநாளே ஆள் வெச்சு நான்தான் ஏத்தினேன். கொட்டகைக்குப் பின்னால பனிக்குள்ள இருக்கு. நீயா வந்து சொல்றியான்னு பார்த்தேன்."

டெல்பர்ட் திரும்பிக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். லொரெய்ன் குனிந்து ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ரம்பத்தோடு நின்றவரின் பக்கம் திரும்பினாள்.

"ஆர்வில், நவம்பர் காத்துல உங்க துறை அத்துக்கிட்டுப் போயிடுச்சுன்னு உங்க வீட்டுக்காரி மார்லிஸ் போன்ல அழுதாளே, கெடச்ச துறைய எதுக்கு இப்படித் துண்டு போட்டு வெச்சிருக்கீங்க?"