மலருக்கு இறங்கிய பாண்டிலட்சுமி

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் ராக்கப்பன் அவர்களுக்கு, காரியாபட்டியிலிருந்து தங்கப்பாண்டியன் எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரி முத்துப்பேச்சியும் மல்லிகைத் தோட்டமும் கிணற்று மோட்டாரும் சுகம். அங்கு தாங்களும் என் அக்காவும் தங்கள் முழங்கால் வலியும் பிரஸ்ஸும் சுகமாக இருக்கக் குலசாமி துணை.

போனில் சொல்ல வேண்டிய சங்கதிதான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். என் மகள் பாண்டிலட்சுமியைத் தாங்களே வந்து கூட்டிப்போய், சொன்னபடி திருத்தங்கலில் அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள். பொங்கலுக்கு வந்தபோது அவளை அங்கே படிக்க அனுப்பச் சொல்லி அக்கா கேட்டதற்கு, "எம்மக அரும்பு! அவ படிப்பு எறங்குனா நானே அனுப்பி வைக்கேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டேன். இறங்கிவிட்டது மச்சான்.

இப்போது சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மார்க் மட்டும் சொல்வதில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளை அரும்பு என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மல்லிகைக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டுமா? அரும்புக்குத்தான் விலை. வாய் லேசாகத் திறந்தால் வியாபாரி முகத்தைத் திருப்புவார், முழுக்க மலர்ந்துவிட்டால் கேட்க நாதி கிடையாது, வாசனைச் செண்டு கம்பெனிக்கு வாரிக் கொட்ட வேண்டியதுதான். அடுத்த தடவை மொட்டு என்றார்கள், சரி, கொஞ்சம் வாட்டம், தெளிந்துவிடும் என்று மூச்சுக் காட்டாமல் இருந்தேன். இப்போது மூன்றாம் வகுப்பு முடிகிற நேரத்தில் முருகேஸ்வரி டீச்சர் கூப்பிட்டுச் சிரித்த முகமாக, "உங்க பாப்பா மலருக்கு வந்துட்டா" என்கிறார். இடி விழுந்த சேதியைச் சிரித்துக்கொண்டு சொல்லவும் ஒரு மனசு வேண்டும். நான் மெதுவாக, "டீச்சர், இன்னுங் கொஞ்ச நாளைக்கு அரும்பாவே வச்சிருக்க ஏலாதா?" என்று கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்தவுக எல்லாருக்கும் அந்த ஆச இருக்குமுங்க" என்றார். ஒன்றும் விளங்கவில்லை.

அன்றிலிருந்து நான் நானாக இல்லை. விடியக் கருக்கலில் பூப்பறிக்கையில் செடியெல்லாம் பனியில் மிதக்கிற மாதிரி இருந்தது. பார்த்தால் ஒவ்வொரு அரும்பும் ஒரு பிள்ளை முகம். வரிசையாக உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு கிசுகிசுக்கிறார்கள். "விரியாதீக தாயி, கொஞ்சம் பொறுங்க" என்று கும்பிடுகிறேன். ஒன்று மட்டும் மெல்ல விரிந்து, என் மகள் முகத்தோடு, "வெயிலு வந்துருச்சுப்பா" என்றது. அதை எந்தக் கூடையில் போடுவது என்று தெரியாமல் கையில் ஏந்தியபடி நடந்தேன், தோட்டம் முடியவே இல்லை. "நின்னுக்கிட்டே தூங்குதீக, அங்கன பூவு விரியுது!" என்று முத்துப்பேச்சி உலுக்கியபோது என் மூக்கு செடிக்குள் இருந்தது.

படிப்பு இறங்கியதும் பிள்ளை போக்கே மாறிவிட்டது. கண்டதையும் வாசிக்கிறாள். உர மூட்டை, பஸ் போர்டு, மாத்திரை அட்டை, தங்கள் பிரஸ் காலண்டரில் ராகுகாலம், ஒன்றையும் விடுவதில்லை. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டின பேப்பரை வாசித்து முடிக்கும்வரை வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள். இப்படிப்பட்ட பிள்ளையை இனி நான் எப்படித் தேற்றுவது?

அவள் போய்விட்டால் வீட்டில் சத்தமே இருக்காது. அதற்காக அவள் எதிர்காலத்தைக் கெடுக்க முடியுமா? கல்யாணப் பத்திரிகை ஆர்டர் குறைந்ததும் வேன் எடுத்துக்கொண்டு வாருங்கள். தூங்கும்போது காலை உதைப்பாள், அக்காவிடம் சொல்லிவையுங்கள். தங்கள் வீட்டில் நல்லதெல்லாம் நிறைய எங்கள் சாமியிடம் வேண்டிக்கொள்ளும்,
தங்கப்பாண்டியன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கப் போனபோது பாண்டிலட்சுமி வாங்கி, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தாள். எங்கும் திக்கவில்லை. மூன்றாம் பத்தியில் விழுந்து விழுந்து சிரித்து, "அப்பா, அரும்புன்னா இப்பத்தான் எழுத்துக் கூட்டுற புள்ள. மலருன்னா எல்லாம் வாசிக்கத் தெரிஞ்ச புள்ளப்பா" என்றாள். கடைசிப் பத்தி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "நல்லாப் படிச்சதுக்கா என்னய அனுப்புதீக?" என்று கேட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டேன் மச்சான், கனமாகத்தான் இருக்கிறாள்.

ஆகவே வேன் வேண்டாம். மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்றால் மனம் வரவில்லை. நான் ழவுக்குப் பதிலாக ள போட்ட இடத்தில் எல்லாம் சிவப்புப் பென்சிலால் ழ போட்டிருப்பது மலர்.